பதிப்புரிமைச் சட்டத் திருத்தம்: வாங்குகிற ஆள் சார்பில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

கடலோரம்:

வெள்ளவத்தைப் பக்கம் இயங்கும் ஒரு வாசகர் வட்டத்துக்காகக் கேட்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைக் காலத்துக்கேற்பத் திருத்த வேண்டும் என்ற பேச்சு விட்டு விட்டு வருகிறது. வரைவு ஒன்று வந்தால் பதிப்பு, இசை, சினிமா, மென்பொருள் என்று காசு புரளும் தரப்புகள் எல்லாம் தங்கள் சட்டத்தரணிகளோடு போய் நிற்கும். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர், பிள்ளைக்குப் போட்டோகொப்பி எடுக்கிறவர், பழுதான கருவியைத் திருத்தக் கொடுக்கிறவர், இவர்கள் சார்பில் பேச ஆள் இருக்காது. அந்த நேரத்தில் ஓடித் திரிவதை விட இப்போதே ஒரு சமர்ப்பணத்தை எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறோம்.

இதுவரை எழுதியது அரைப் பக்கம். சாரம் இதுதான்: “பாவனையாளரின் நியாயமான உரிமைகளைப் புறக்கணிக்கும் எந்தத் திருத்தத்தையும் எதிர்க்கிறோம்.” இதற்குக் கீழே கையெழுத்துச் சேர்த்தால் போதுமா? இன்றைய சட்டத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது, எது பறிபோகலாம், மற்ற நாடுகளில் சனம் எதிர்த்தபோது எது வேலை செய்தது? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பன்னிரண்டாம் பிரிவு:

அந்த வாக்கியத்தை எந்த அமைச்சரும் சிரித்தபடி வாங்கி வைப்பார். அவரைக் கட்டிப்போட அதில் ஒன்றும் இல்லை. “நியாயமான உரிமைகளைப் பாதுகாத்துத்தான் வரைந்திருக்கிறோம்” என்று பதில் வரும், அத்தோடு கதை முடிந்துவிடும். சட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பிரிவு பிரிவாக எழுதுங்கள்.

9 ஆம் பிரிவு உரிமையாளருக்குப் பிரதி எடுத்தல், மொழிபெயர்த்தல், விநியோகித்தல், இறக்குமதி என்று பொருளாதார உரிமைகளைத் தருகிறது. 11 ஆம் பிரிவு நியாயமான பயன்பாடு. விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்ற நோக்கங்களுக்காக நியாயமாகப் பயன்படுத்துவது மீறல் ஆகாது. நியாயமா இல்லையா என்பதைப் பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் ஏற்படும் பாதிப்பு என்ற நான்கையும் வைத்து நீதிமன்றம் பார்க்கும். இது அமெரிக்கச் சட்டத்தை ஒட்டிய வாசகம், எங்கள் பிராந்தியத்துக்குத் தாராளமானதும் கூட. ஆகவே முதற் கோரிக்கை, இதை யாரும் தொடக்கூடாது என்பது. “நவீனப்படுத்துதல்” என்ற பெயரில் 11 ஐ எடுத்துவிட்டு ஒரு மூடிய பட்டியலைப் போட்டால், பட்டியலில் பெயர் இல்லாத புதிய பயன்பாடு எல்லாம் அன்றே மீறலாகிவிடும்.

12 ஆம் பிரிவுக்குள் போனால்தான் ஓட்டைகள் தெரியும். இயற்கை ஆள் ஒருவர், சட்டபூர்வமான பிரதி ஒன்றிலிருந்து, முழுக்கத் தன் சொந்தத் தேவைக்காக, ஒரேயொரு பிரதி எடுக்கலாம். இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலி. ‘ஒரேயொரு’ என்பதால், வாங்கிய பாட்டைப் போனிலும் மடிக்கணினியிலும் மேகச் சேமிப்பிலும் வைத்திருப்பவர் எழுத்துப்படி எல்லை தாண்டியவர். ஒரு நூலின் முழுமையையோ கணிசமான பகுதியையோ போட்டோகொப்பி எடுக்க இந்த அனுமதி கிடையாது, தரவுத்தளத்துக்கும் கிடையாது. கணினி நிரலுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது: சட்டபூர்வமாக வைத்திருப்பவர் ஒரு காப்புப் பிரதி எடுக்கலாம்.

கொப்பிக் கடைகளில் அடிபடும் “10 சதவீதம் வரை எடுக்கலாம்” என்ற கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை. ‘கணிசமான பகுதி’, ‘குறுகிய பகுதி’ என்ற சொற்கள்தான் உண்டு. 14 அத்தியாயம் உள்ள பாடநூலில் 2 அத்தியாயத்தை ஒரு மாணவி கொப்பி எடுத்தால் சரியா பிழையா என்று கடைக்காரருக்கும் தெரியாது, மாணவிக்கும் தெரியாது, உண்மையில் ஒரு நீதவானுக்கும் உடனே தெரியாது. தெளிவில்லாத இடத்தில் வழக்குப் போட வசதி உள்ளவர் சொல்வதே சட்டம் ஆகிவிடும். அதனால் எண் ஒன்றைக் கேளுங்கள். ஆனால் “இந்த அளவு எப்போதும் அனுமதிக்கப்படும்” என்று அடித்தளமாக எழுதிக் கேளுங்கள். “இந்த அளவுக்கு மேல் கூடாது” என்று உச்சமாக எழுதினால், 11 ஆம் பிரிவு தருகிற இடத்தையும் சேர்த்து இழப்பீர்கள்.

கற்பித்தலுக்கான விலக்கு இன்னும் மோசம். நேருக்கு நேர் கற்பித்தலுக்காக, இலாப நோக்கற்ற கல்வி நிறுவனத்தில் கட்டுரைகளையும் குறுகிய பகுதிகளையும் பிரதி எடுக்கலாம் என்கிறது. சூமில் நடக்கும் பாடம் நேருக்கு நேரா? 2003 இல் அந்தக் கேள்வி எழவில்லை. இன்று ஆசிரியர் ஒருவர் வகுப்பில் கொடுத்த அதே இரண்டு பக்கத்தை வட்ஸ்அப் குழுவில் போட்டால் விலக்குக்கு வெளியே போய்விடுகிறார். திருத்தம் உண்மையாகத் தேவைப்படும் இடம் இது. ‘நேருக்கு நேர்’ என்ற சொற்களை எடுத்துவிட்டு ‘பதிவுசெய்த மாணவருக்கு மட்டும் திறக்கும் இணைய வகுப்பு உட்பட’ என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

178 ஆம் பிரிவையும் பாருங்கள். வேண்டுமென்றே உரிமையை மீறினால் நீதவான் முன்னிலையில் 5 இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வணிக அளவில் செய்தாரா, தன் வீட்டுக்குச் செய்தாரா என்ற பிரிப்பு இல்லை. உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் உடன்படிக்கையின் 61 ஆம் உறுப்புரை, பதிப்புரிமை விடயத்தில், வணிக அளவிலான வேண்டுமென்ற திருட்டுக்கு மட்டும்தான் குற்றவியல் தண்டனையைக் கட்டாயமாக்குகிறது. “சர்வதேசக் கடப்பாடு, எங்கள் கையில் ஒன்றுமில்லை” என்று யாராவது சொன்னால் அந்த உறுப்புரையைக் காட்டுங்கள்.


வன்பொருள்:

மேலே எழுதியவர் 23 ஆம் பிரிவை விட்டுவிட்டார். என்னைக் கேட்டால் சண்டையே அங்கேதான்.

பிரதி எடுப்பதைத் தடுக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைக்கவென்றே வடிவமைத்த சாதனத்தை விற்பனைக்கோ வாடகைக்கோ தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் இன்றைய 23 ஆம் பிரிவு மீறலாகக் கருதுகிறது. குறி சாதன வியாபாரத்தின் மேல். தான் வாங்கிய ஒன்றின் பூட்டைத் தன் வீட்டில் திறக்கிற ஆளை அந்த வாசகம் நேரடியாகப் பெயர் சொல்லிப் பிடிக்கவில்லை. ‘நவீன’ திருத்தம் என்று வருவது பெரும்பாலும் அந்த இடைவெளியை அடைக்கத்தான் வரும். திறக்கும் செயலும் குற்றம், கருவியும் குற்றம் என்று இரண்டு பக்கமும் அடைத்தால் 12 ஆம் பிரிவில் மிச்சம் இருப்பது வெறும் கடதாசி. காப்புப் பிரதி எடுக்க உரிமை உண்டு, ஆனால் எடுக்கும் வழி சட்டவிரோதம். இதுதான் நிலைமை ஆகும்.

அமெரிக்காவில் 1998 முதல் இந்தக் கூத்து நடக்கிறது. டிஎம்சிஏ என்ற அவர்களின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201 ஆம் பிரிவு பூட்டைத் திறக்கும் செயலையும் தடுக்கிறது, கருவியையும் தடுக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அப்படிக் கிடைக்கும் விலக்கும் செயலுக்கு மட்டும்தான், கருவியை விற்பதற்கான தடை அப்படியே இருக்கும். தானே மென்பொருள் எழுதத் தெரிந்த ஆளுக்குத்தான் அந்த விலக்கால் பயன். எனவே எங்கள் சமர்ப்பணத்தில் விலக்குக் கேட்கும்போது செயல், கருவி, அடுத்தவருக்காகச் செய்து கொடுக்கும் சேவை என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கேட்க வேண்டும். மூன்றாவதை மறந்தால் யூனிட்டி பிளாசாவிலும் லிபர்ட்டி பிளாசாவிலும் இருக்கிற திருத்துநர் அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். போனையோ பிரிண்டரையோ தானே திருத்திக்கொள்ளும் பாவனையாளர் எத்தனை பேர்?

இந்தியாவின் 2012 திருத்தம் எங்களுக்குக் கிட்டிய முன்மாதிரி. அவர்களின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் மட்டும்தான் தண்டிக்கிறது. சட்டம் தடைசெய்யாத நோக்கத்துக்காகத் திறப்பதற்கு இடம் உண்டு. ஆனால் மற்றவருக்குத் திறந்து கொடுக்கிறவர் அவருடைய பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்து வருகிறது. முதற் பாதியைக் கேளுங்கள், பதிவேட்டை விட்டுவிடுங்கள். கடைக்காரரிடம் எழுத்து வேலையும், போகிற வருகிறவரின் தனிப்பட்ட விபரக் குவியலும்தான் மிஞ்சும்.

கனடா 2012 இல் நிறைவேற்றிய பதிப்புரிமை நவீனமயச் சட்டம் அரைகுறை வெற்றிக்கு நல்ல உதாரணம். வாங்கியதை வேறு வடிவத்துக்கு மாற்றலாம், நிகழ்ச்சியைப் பதிந்து பிறகு பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கூடவே, பூட்டை உடைக்காமல் செய்தால்தான் இது செல்லும் என்று இன்னொரு வரியையும் போட்டார்கள். பூட்டு இல்லாத பழைய சிடிக்கு உரிமை, பூட்டுப் போட்ட டிவிடிக்கு இல்லை. பழுது பார்க்கவும் சாதனங்களை ஒன்றோடொன்று இயங்க வைக்கவும் பூட்டைத் திறக்கலாம் என்ற இரண்டு திருத்தங்கள் 2024 நவம்பரில்தான் சட்டமாகின. தவறவிட்ட ஒரு வரியைத் திருத்தப் பன்னிரண்டு வருடம்.

பூட்டுக்கு அடுத்தது உரிம நிபந்தனை. மின்நூலில் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்துகிறீர்கள், கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும். அமேசான் 2009 இல் கிண்டிலில் தான் விற்ற நூல்களை வாசகரின் கருவிக்குள் புகுந்து அழித்தது. மைக்ரோசொஃப்ட் 2019 இல் மின்நூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் எல்லாம் மறைந்தன, பணத்தை மட்டும் திருப்பினார்கள். 2025 பெப்ரவரி 26 முதல் கிண்டில் நூலைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியும் போய்விட்டது. இதில் எதுவும் பதிப்புரிமை மீறல் ஆகாது. மருதானைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய காகிதப் புத்தகத்தை இரவோடு இரவாக யாரும் வந்து எடுத்துப் போக முடியாது. (அந்தக் கடைகள் இருக்கிற டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில்தான் தேசிய புலமைச் சொத்து அலுவலகமும் இருக்கிறது, சமாகம் மெதுரவில். சமர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்கள் அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி வரலாம்.)


அச்சுக்கூடம்:

பதிப்பாளர் தரப்பிலிருந்தும் ஒரு குரல் இருக்கட்டும். மேலே சொன்ன பெரும்பாலானவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்தச் சமர்ப்பணம் “பிடிஎஃப் இலவசமாக வேண்டும்” என்ற கூச்சலாக வாசிக்கப்பட்டால் முதல் ஆளாக எதிர்த்து எழுதுவேன்.

இங்கே தமிழ் நூல் ஒன்று சில நூறு பிரதிதான் அச்சாகும். அதில் பாதி வெளியீட்டு விழாவிலும் நண்பர்களிடமும் போகும். மிச்சம் இரண்டு மூன்று வருடத்தில் மெல்ல மெல்ல விற்கும். நூல் வந்த மாதமே யாராவது முழுதாக ஸ்கான் பண்ணி டெலிகிராமில் ஏற்றினால் அடுத்த பதிப்புக்கான காசு அங்கேயே முடிந்தது. பெரிய ஸ்டூடியோவுக்கு இது கணக்கில் ஒரு வரி, சின்னப் பதிப்பாளருக்கு மூடுவிழா.

அதனால் இரண்டு விடயம். ஒன்று, டியூஷன் வகுப்பு. கட்டணம் வாங்கி நடத்தும் வகுப்பில் பயிற்சி நூலை அப்படியே கொப்பி அடித்து ‘டியூட்’ என்று விற்பதற்கு விலக்குக் கேட்காதீர்கள். இலாப நோக்கற்ற நிறுவனம் என்ற நிபந்தனை இருக்கட்டும். அரச பாடசாலை ஆசிரியர் இணையத்தில் பாடம் எடுப்பதற்குக் கேளுங்கள், நாங்களும் கையெழுத்து வைப்போம்.

இரண்டாவது, அச்சில் இல்லாத நூல்கள். ஆசிரியர் இறந்து 70 வருடம் வரை உரிமை தொடர்கிறது. 1960களில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வந்த எத்தனையோ நூல்களுக்கு உரிமைக்காரர் யாரென்றே தெரியாது. பதிப்பகம் இல்லை, வாரிசுகள் எந்த நாட்டில் என்று தெரியாது. மீள்பதிப்புப் போட நினைக்கிறவருக்கும் தடை, நூலகம் பொதுவில் வைப்பதற்கும் தடை. பாதுகாப்புக்காக நூலகம் பிரதி எடுக்கலாம் என்று 12 ஆம் பிரிவு சொன்னாலும், எடுத்ததை இணையத்தில் வாசிக்கக் கொடுக்கலாமா என்று சொல்லவில்லை. உரிமையாளரை நியாயமான முயற்சியோடு தேடியும் கிடைக்காவிட்டால், பகிரங்க அறிவித்தல் கொடுத்து, குறித்த காலம் பொறுத்து வெளியிடலாம்; உரிமையாளர் பின்னர் வந்தால் நியாயமான கட்டணம் கொடுக்கலாம் என்று ஒரு ஏற்பாட்டைக் கேளுங்கள். வாசகர், நூலகம், பதிப்பாளர் மூவரும் ஒரே பக்கம் நிற்கக்கூடிய கோரிக்கை இதுதான். இதை முன்னுக்கு வைத்தால் “இவர்கள் திருட்டுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள்” என்ற பேச்சு அடிபட்டுப் போகும்.


கடலோரம்:

மிக்க நன்றி. அச்சுக்கூடம் ஐயா சொன்னதை முதற் கோரிக்கையாகவே போடுகிறோம். பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார், அதற்கும் ஒரு பந்தி வேண்டும். மரகேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016 இலேயே சேர்ந்துவிட்டது என்று தெரியும். ஒலிநூலோ பிரெயில் நூலோ தயாரிக்க அனுமதி கேட்காமல் செய்யலாம் என்ற அதன் ஏற்பாட்டைப் பூட்டும் ஒப்பந்தமும் தடுக்காமல் இருக்க வேண்டும், இல்லையா?

இனி நடைமுறை. எங்கே கொடுப்பது, எப்போது? கையெழுத்து?


மனுக்காரி:

தம்பி, கையெழுத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 பதிப்புரிமைப் பணிப்புரைக்கு எதிராக இணையத்தில் 50 இலட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்ந்தது. ஜெர்மனியில் வீதி நிறையச் சனம் இறங்கியது. மார்ச் 26 அன்று அது 348க்கு 274 என்று நிறைவேறியது. அதைவிட முக்கியம், அதற்குச் சற்று முன்னர் நடந்த வாக்கெடுப்பு. திருத்தங்களைத் தனித்தனியாக வாக்குக்கு விடலாமா என்ற கேள்வி 312க்கு 317 என்று, ஐந்தே வாக்கில் தோற்றது. சிலர் பிறகு பிழையான பொத்தானை அழுத்திவிட்டோம் என்று பதிவைத் திருத்தினார்கள், முடிவு மாறவில்லை. சர்ச்சைக்குரிய ஓர் உறுப்புரையை மட்டும் நீக்கும் வாய்ப்பு அந்த ஐந்து வாக்கில் போனது. 50 இலட்சம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள், உறுப்பினர்கள் தடுமாறியது ‘எந்த வரியை, எப்போது’ என்ற இடத்தில்.

வென்ற உதாரணமும் உண்டு. போலிப் பொருள், பதிப்புரிமை மீறல் ஆகியவற்றுக்கு எதிரான ஆக்டா என்ற சர்வதேச உடன்படிக்கையை ஐரோப்பியப் பாராளுமன்றம் 2012 ஜூலை 4 இல் 478க்கு 39 என்று தூக்கி எறிந்தது. அது முழுதாக ஏற்பதா விடுவதா என்ற வாக்கு. அங்கே வெறும் ‘வேண்டாம்’ போதும். சட்டமூலம் அப்படி இல்லை, குழுநிலையில் சொல் சொல்லாக மாறும். கனடாவில் 2009 கலந்தாய்வுக்கு 8,000க்கு மேல் சமர்ப்பணங்கள் போயின. பூட்டு விடயத்தில் தோற்றாலும், வணிக நோக்கமற்ற மீறலுக்கான சட்டரீதி நட்டஈட்டை மொத்தமாக 5,000 டொலருக்கு மேல் போகாமல் மட்டுப்படுத்தியது அந்தச் சட்டம்தான்.

எதிர்மாறான பாடம் இங்கிலாந்து. 2014 இல் தனிப்பட்ட பிரதிக்கு விலக்குக் கொடுத்தார்கள். இசைத்துறை வழக்குப் போட்டது, உரிமையாளருக்குப் பாதிப்பு இல்லை என்று அரசு சொன்னதற்குப் போதிய சான்று இல்லை என்று 2015 ஜூலையில் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. கேட்டது கிடைத்தாலும் ஆதாரம் இல்லாமல் கிடைத்தால் நிலைக்காது. எனவே உங்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கீழே கொழும்பில் நடக்கிற ஒரு காரியத்தை எழுதுங்கள்: எந்த நூல், எத்தனை பக்கம், சந்தையில் கிடைக்கிறதா, என்ன விலை, உரிமம் கேட்க வழி இருந்ததா. அப்படிப் பத்து இருந்தால் பத்தாயிரம் கையெழுத்துக்குச் சமம்.

இனி இங்கத்தைய வழி. சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வரும். வந்து குறைந்தது 14 நாள் கழித்துத்தான் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறலாம், அரசியலமைப்பின் 78 ஆம் உறுப்புரை. ஏறியதும் 121 ஆம் உறுப்புரையின் கீழ் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அந்தக் காலக்கெடுவை நாட்கணக்கில்தான் கொடுத்திருக்கிறார்கள், மாதக்கணக்கில் இல்லை. மன்றம் மூன்று வாரத்தில் முடிவைச் சொல்லும். சபாநாயகர் சான்றுப்படுத்திச் சட்டமாகிவிட்டால் 80(3) குறுக்கே நிற்கும், பிறகு எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியை விசாரிக்காது. “சட்டம் வந்த பிறகு வழக்குப் போடுவோம்” என்ற இந்தியப் பழக்கம் இங்கே செல்லாது. மனுவைக் கையில் எடுக்கக்கூடிய சட்டத்தரணி ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். பேச்சுச் சுதந்திரத்துக்கு 14(1)(அ), தகவல் பெறும் உரிமைக்கு 14அ, சம பாதுகாப்புக்கு 12 என்று எந்தக் கோரிக்கை எந்த உறுப்புரையில் நிற்கும் என்றும் இப்போதே எழுதி வையுங்கள். பாவனையாளர் உரிமை என்று தனியாக ஓர் அடிப்படை உரிமை எங்கள் அரசியலமைப்பில் கிடையாது. அந்தச் சொல்லை மட்டும் நம்பிப் போனால் மனு நிற்காது.

வர்த்தமானிக்கு முன்னரே வரைவு எங்கே இருக்கிறது என்று அறிய 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். புலமைச் சொத்து அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கும் விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சுக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கேள்வியை எப்படிப் போடுவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். “திருத்தம் பற்றிய சகல தகவலும்” என்று கேட்டால் அமைச்சரவைப் பத்திரம், இன்னும் தீர்மானம் எடுக்கவில்லை என்று ஒரே வரியில் மறுக்க இடம் உண்டு. அதை விட்டு, கலந்தாலோசனைக்கு அழைத்த அமைப்புகளின் பட்டியல், கூட்டக் குறிப்புகள், கிடைத்த எழுத்துமூலக் கருத்துகளின் பிரதிகள் என்று இலக்கமிட்டுத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றை மறுத்தாலும் மற்றது வரும். அந்த அமைப்புப் பட்டியலில் ஒரு பாவனையாளர் அமைப்பும் இல்லை என்றால் அதுவே உங்கள் சமர்ப்பணத்தின் முதற் பந்தி.

இன்னொரு கதவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வன்பொருள் சொன்ன ‘வாங்கு’ பொத்தான் பதிப்புரிமைப் பிரச்சினை என்பதை விட வியாபாரப் பேச்சுப் பிரச்சினை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு பிழையாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடுக்கிறது, 31 பொய்யான எடுத்துரைப்பைத் தடுக்கிறது. கலிபோர்னியா 2025 ஜனவரி 1 முதல், உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு ‘வாங்கு’ என்று எழுதுவதானால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. இங்கே அதற்குப் பதிப்புரிமைத் திருத்தத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, அதிகார சபை பணிப்புரை ஒன்று கொடுத்தாலே தொடங்கலாம். அதன் வொக்ஸோல் வீதி அலுவலகத்துக்கு ஒரு பிரதி கட்டாயம் அனுப்புங்கள். தனிப்பட்ட முறைப்பாடு என்றால் எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள்.

கடைசியாக மொழி. சட்டத்தின் இறுதியில் ஒரு பிரிவு இருக்கும், சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று. தமிழில் மட்டும் வாசித்துவிட்டு மனுப் போட்டால் தமிழில் இருக்கும் விலக்கு சிங்களத்தில் குறுகியிருக்கக்கூடும். ‘சட்டபூர்வமான பிரதி’, ‘கணிசமான’, ‘நியாயமான’ போன்ற சொற்கள் வரும் இடத்தை இரண்டு உரைகளிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.


கடலோரம்:

அக்கா, இது முழு வரைபடமே. இரண்டு வாசகம் எழுதிப் பார்த்தோம், கிழியுங்கள்.

அ. “இச்சட்டத்தின் 11 ஆம், 12 ஆம் பிரிவுகளால் அனுமதிக்கப்பட்ட செயல் எதனையும் தடுக்கின்ற அல்லது மட்டுப்படுத்துகின்ற ஒப்பந்த நிபந்தனை வலுவற்றதாதல் வேண்டும்.”

ஆ. “அத்தகைய செயலொன்றுக்காக மட்டும் தொழில்நுட்பத் தடையொன்றைத் தாண்டுவதும், அதற்காக மட்டும் பயன்படும் சாதனத்தைத் தயாரித்தலும், இறக்குமதி செய்தலும், வழங்குதலும், இன்னொருவருக்காக அச்சேவையைச் செய்தலும் 23 ஆம் பிரிவின் கீழ் மீறலாகாது.”


பன்னிரண்டாம் பிரிவு:

முதலாவது நல்லது. அயர்லாந்தின் 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏறக்குறைய இதே பொருளில் ஒரு வரி இருக்கிறது, எதிர்த் தரப்பு “உலகத்தில் எங்கும் இல்லை” என்று சொன்னால் காட்டலாம். ஒரு துளை மட்டும் அடைக்க வேண்டும். மின்நூல், மென்பொருள் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று எழுதப்பட்டிருக்கும். “ஒப்பந்தத்துக்கு எந்நாட்டுச் சட்டம் ஏற்புடையதென அதில் குறிப்பிடப்பட்டிருப்பினும்” என்ற சொற்களைச் சேர்க்காவிட்டால் அந்தப் பிரிவு உள்ளூர்ப் பதிப்பாளரை மட்டும் கட்டும், பெரிய கடைகள் வெளியே நிற்கும். அச்சுக்கூடத்துக்கு அது கோபத்தைத்தான் தரும், நியாயமான கோபம்.

இரண்டாவதில் ‘மட்டும்’ இரண்டு தடவை வருகிறது. முதலாவது இருக்கட்டும், செயலின் நோக்கத்தைக் குறிக்கிறது. சாதனத்தோடு வரும் ‘மட்டும்’ ஐ வெட்டுங்கள். ஒரு வேலைக்கு மட்டும் பயன்படும் சாதனம் என்று உலகில் எதுவும் இல்லை, வழக்குப் போடுகிறவர் அந்தச் சொல்லைப் பிடித்தே வென்றுவிடுவார். “பிரதானமாக மீறலுக்கென வடிவமைக்கப்படாத சாதனத்தை” என்று மாற்றுங்கள். சாட்சிச் சுமை அப்போது வழக்காளியின் தலையில் விழும்.

பார்வைக் குறைபாட்டுப் பந்தியையும் இந்த இரண்டுக்கும் கீழே இணைத்துவிடுங்கள், தனியாக வைத்தால் அதை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். சிங்கள வடிவத்தை எழுத உங்களிடம் ஆள் இருக்கிறதா?